கற்பாசியும் கல்வெட்டும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கொடும்பாளூர் என்னும் சிற்றூரை அடையலாம். கோவலனுக்கு மதுரைக்கு வழி கூறும் மறையவன், கொடும்பையை அடைந்ததும் பாதை மூன்றாகப் பிரியும் என்று சொல்வதாகச் சிலப்பதிகாரத்தில் ஒரு பகுதி உண்டு. அந்தக் கொடும்பை இவ்வூரே என்பர். இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர்கள் இங்கிருந்து ஆண்டனர். அவர்களுள் பூதி விக்கிரமகேசரி என்பான் தன் பெயராலும், தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகிய இருவர் பெயராலும் மூன்று கற்கோயில்கள் எடுப்பித்தான். அவற்றுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மூவர் கோயில் என்று வழங்கும் அக்கோயில்களை யார் எடுப்பித்தார் என்பதை நமக்குச் சொல்வது, நடுக்கோயிலின் சுவரில் பொறித்துள்ள வடமொழிக் கல்வெட்டு. அவ்வெழுத்துக்கள் இல்லையேல், ‘யாரோ ஒரு மன்னன் கட்டியது’ என்று சொல்லிவிட்டு நாம் அகன்றிருப்போம்.

மாணவ நண்பர்களே, வரலாறு பேசுவது இன்று என் பணியன்று. கொடும்பாளூர் என்றதும் உங்களுள் பலருக்கு ஒரு நாவலில் வரும் இளவரசியின் நினைவு எழலாம். அவளைப் பற்றியும் நான் பேசப் போவதில்லை. இத்தகைய பழங்கோயில்களின் கல்லிலும், அவற்றைச் சுற்றிக் காட்டில் கிடக்கும் பாறைகளிலும் வெள்ளையாகவும், சாம்பல் நிறமாகவும், சில இடங்களில் மஞ்சளாகவும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன். அதைக் கண்டவர்கள் கல் கறைபட்டுவிட்டது என்பார்கள். சுண்ணாம்பு சிந்திக் காய்ந்தது என்பாரும் உண்டு. கறையுமன்று, சுண்ணாம்புமன்று. அஃது ஓர் உயிர். சரியாகச் சொன்னால், ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்கள் கூடி நடத்தும் குடித்தனம். விஞ்ஞானிகள் அதை லைக்கன் என்கின்றனர்.

நம் வீட்டுப் பெண்டிருக்கு இது புதிய பொருள் அன்று. புதுக்கோட்டைச் சீமையிலும் அதை அடுத்த செட்டிநாட்டிலும் குழம்புக்கும் குருமாவுக்கும் தாளிக்கும்போது, பட்டை, இலவங்கத்தோடு கறுப்பும் வெளுப்புமாய்ச் சருகு போன்ற ஒன்றை எண்ணெயில் இடுவார்களே, அந்தக் கல்பாசி லைக்கனே. பார்மோட்ரீமா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவையே அதில் பெரும்பகுதி. கடையில் வாங்கும் ஒரே பொட்டலத்தில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருப்பதும் உண்டு. கல்பாசி என்ற பெயரில் பாதி உண்மை இருக்கிறது. லைக்கனுக்குள் பாசி உண்டு. ஆனால் அதன் உடலில் பெரும்பகுதி பாசி அன்று, பூசணம். காளான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த உயிர் அது. பூசணம் தன் நுண்ணிய இழைகளால் வீடு கட்டுகிறது; பாசி அவ்வீட்டினுள் இருந்துகொண்டு வெயிலின் துணையால் உணவு சமைக்கிறது. சமைத்ததில் பெரும்பங்கைப் பூசணம் எடுத்துக்கொள்கிறது. இதை நட்பு என்பதா, அடிமைத்தனம் என்பதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இவ்வுண்மையை 1867ஆம் ஆண்டில் முதன்முதலாக எடுத்துரைத்தவர் ஸ்விட்ஸர்லாந்து நாட்டின் சைமன் ஷ்வெண்டனர். அன்று அவரை நம்பியவர் சிலரே. லைக்கன்களையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பேரறிஞர்கள் பலர் அவர்மீது சினந்தெழுந்தனர். தாம் ஒரு செடி என்று எண்ணிப் பெயரிட்டுப் பாதுகாத்து வந்ததை, ‘இது செடியன்று, ஒரு கூட்டு’ என்று ஒருவர் வந்து சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்! 2016ஆம் ஆண்டில் வேறொரு செய்தி வெளிவந்தது. பல லைக்கன்களின் மேற்புறத் தோலில் நொதி வகையைச் சேர்ந்த இரண்டாவது பூசணம் ஒன்றும் குடியிருப்பதாக டோபி ஸ்பிரிபில் என்பவரும் அவருடைய தோழர்களும் காட்டினர். குடித்தனத்தில் இன்னும் எத்தனை பேர் என்பதை இனித்தான் எண்ண வேண்டும்.

கொடும்பாளூரைச் சூழ்ந்த நிலம் வறண்ட நிலம். சித்திரை, வைகாசி மாதங்களில் அங்குள்ள பாறையின்மேல் வெறுங்காலை வைக்க இயலாது. அவ்வெப்பத்தில், மண்ணும் நீரும் இல்லாத கல்லின்மேல் ஓர் உயிர் எப்படி வாழ்கிறது? வாழ்கிறது என்பதைவிட, பெரும்பாலான நேரம் அது வாழாமல் காத்திருக்கிறது என்பதே பொருந்தும். உடலிலுள்ள நீர் முழுவதையும் ஆவியாக விட்டுவிட்டு, நொறுங்கும் பதத்தில் உலர்ந்து கிடக்கும். அந்நிலையில் அதற்கு வளர்ச்சியும் இல்லை, அழிவும் இல்லை. விடியற்காலையில் பனி பெய்தால் விழித்துக்கொள்ளும். வெயில் ஏறும்வரை இரண்டொரு மணி நேரம் உணவு சமைக்கும். பிறகு மீண்டும் உறங்கிவிடும். பச்சைப் பாசியைக் கொண்ட லைக்கன்களுக்குக் காற்றிலுள்ள ஈரப்பதமே போதும். நீலப்பச்சை நிறமுடைய நுண்ணுயிரைக் கொண்டவற்றுக்கோ, துளியாகவேனும் நீர் வந்து நனைக்க வேண்டும். ஆகையால், பாறையில் மழைநீர் வழிந்தோடும் தடத்தில் கறுப்புக் கோடுகள் கீழ்நோக்கி இறங்குவதைப் பார்த்தால், அங்கே பின்னவற்றின் வகையினர் இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். இந்தக் காத்திருக்கும் ஆற்றலைச் சோதிக்க விரும்பிய ஐரோப்பிய ஆய்வாளர்கள், 2005ஆம் ஆண்டில் இரண்டு வகை லைக்கன்களை விண்கலத்தில் ஏற்றிச் சென்று ஏறத்தாழ 15 நாட்கள் வெட்டவெளியில் திறந்து வைத்தனர். திரும்பி வந்து நீர் பட்டதும் அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்கின.

இப்படி நாளில் சில நாழிகையே உழைக்கும் உயிர் மெல்லத்தானே வளரும்? கல்லோடு கல்லாய் ஒட்டிப் பொருக்காகப் படரும் வகையில் சில, ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட அகலுவதில்லை. குளிர்நாடுகளில் அத்தகைய திட்டுக்களின் அகலத்தை அளந்து, பனியாறு பின்வாங்கிப் பாறை வெளிப்பட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கிடும் முறையே ஒன்று உண்டு. பொருக்கு வகையன்றி, இலைபோல் மடல் மடலாகப் படரும் வகையும் உண்டு. நம் கல்பாசி அவ்வகை. தாடிபோல் மரக்கிளையிலிருந்து தொங்கும் வகையை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காணலாம்.

பொருக்கு வகையில் ஒன்று நம் பேச்சுக்கு மிகவும் உரியது. மரப்பட்டையின்மேல் வெளுத்த தளத்தில், யாரோ மையால் கிறுக்கியதைப் போன்று, வளைந்தும் கிளைத்தும் கறுப்புக் கோடுகள் ஓடும். முதன்முறை பார்ப்பவர், பட்டையில் பழைய எழுத்து ஒன்று இருப்பதாகவே எண்ணி மயங்குவர். எழுத்து என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கிராஃபிஸ் என்று பெயர் வைத்தனர். அக்கோடுகளே அப்பூசணம் தன் நுண்வித்துக்களை உண்டாக்கும் உறுப்புக்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இக்குடும்பத்து இனங்கள் மிகுதி. இந்தியாவில் புதியனவாக அறிவிக்கப்பட்ட லைக்கன்களிலும் இக்குடும்பத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. ஆயினும் அவ்வெழுத்தைப் படிப்பது எளிதன்று. கோட்டைக் குறுக்கே அரிந்து நுண்ணோக்கியில் வைத்து, அதன் கரை முழுவதும் கரிந்திருக்கிறதா, பக்கம் மட்டும் கரிந்திருக்கிறதா, உள்ளே எத்தனை வித்துக்கள், ஒவ்வொரு வித்தும் எத்தனை அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது, அதன் நீளம் எத்தனை மைக்ரோமீட்டர் என்றெல்லாம் பார்க்க வேண்டும். கல்வெட்டறிஞர் ஓர் எழுத்தின் வளைவைக் கொண்டு நூற்றாண்டைச் சொல்வதைப் போன்ற வேலை இது.

மேற்குத் தொடர்ச்சி மலை என்றேன். உலகில் உயிரினங்கள் செறிந்தும், அதே சமயம் அழிவின் விளிம்பிலும் உள்ள நிலப்பகுதிகளை ‘ஹாட்ஸ்பாட்’ என்று குறிக்கும் கருத்தை 1988இல் நார்மன் மையர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் வெளியிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்த பகுதி அவற்றுள் ஒன்று. அத்தகுதியைப் பெறுவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வேறெங்கும் இல்லாத 1,500 தாவர இனங்களாவது அங்கே இருக்க வேண்டும். அப்பகுதியின் இயற்கைத் தாவரப் போர்வையில் 70 விழுக்காடாவது அழிந்திருக்க வேண்டும். இந்த 1,500இல் எண்ணப்படுபவை, நீரைக் கடத்தும் நரம்புகள் உடைய உயர்ந்த தாவரங்களே. லைக்கன் அக்கணக்கில் வருவதில்லை. காட்டின் பெருமையைக் கணக்கிடும்போது மரத்தை எண்ணினோம். மரத்தின் பட்டையில் இருந்ததை எண்ணவில்லை. இது யாருடைய குற்றமும் அன்று. எண்ணுவதற்கு ஆள் இருந்த உயிர்களையே எண்ண முடியும்.

நம் நாட்டு லைக்கன்களை எண்ணும் வேலையைத் தொடங்கியவர்கள் வெளிநாட்டார். புதுச்சேரியில் பணியாற்றிய பெரோத்தே என்னும் பிரெஞ்சுக்காரர் நீலகிரியில் சேகரித்து அனுப்பிய பாசம், பூசணம், லைக்கன் முதலியவற்றை மோந்தாஞ் என்பவர் ஆராய்ந்து 1842இல் வெளியிட்டார். அந்த மோந்தாஞ்சின் பெயரைத் தாங்கிய ரோசெல்லா மோண்டாக்னி என்னும் லைக்கன் நம் கடற்கரையோர மரங்களில் இன்றும் தொங்குகிறது. பள்ளிக்கூட ஆய்வுச்சாலையில் அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிய லிட்மஸ் தாளை நனைத்திருப்பீர்கள். அந்தச் சாயம் ரோசெல்லா போன்ற லைக்கன்களிலிருந்தே எடுக்கப்பட்டு வந்தது. ஆக, லைக்கனை உண்டும் இருக்கிறீர்கள். அதைக் கொண்டு தேர்வும் எழுதியிருக்கிறீர்கள். அதன் பெயரைத்தான் இதுவரை கேட்டதில்லை.

வெளிநாட்டார் சேகரித்தவை வெளிநாட்டுக்கே போயின. ஓர் இனத்துக்கு முதன்முதலாகப் பெயரிடும்போது எந்த மாதிரியைக் கையில் வைத்திருந்தாரோ, அதை மூலமாதிரி என்பர். பின்னர் வரும் ஐயங்களுக்கெல்லாம் அதுவே தீர்ப்பு. நம் மலைகளில் பிறந்த லைக்கன்கள் பலவற்றின் மூலமாதிரிகள் ஐரோப்பிய நகரங்களின் காட்சிச்சாலைகளில் இருந்தமையால், இந்திய மாணவன் ஒருவன் தன் ஊர் மரத்தில் இருப்பது இன்னதென்று உறுதி செய்யக் கடல் கடந்த நாட்டுக்கு எழுத வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றப் பெரிதும் உழைத்தவர் லக்னோவைச் சேர்ந்த தரணீதர் அவஸ்தி. 1922இல் பிறந்து 2011இல் மறைந்த அவர், 1965ஆம் ஆண்டில் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் லைக்கன்களுக்கு அட்டவணை ஒன்று தொகுத்தளித்தார். அதன்பின் இனங்களைப் பிரித்தறிவதற்கான வழிகாட்டி நூல்களையும் எழுதினார். அவர் திரட்டிய மாதிரிகள் லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2010இல் வெளியிட்ட பட்டியலில் 2,303 இனங்கள் இடம்பெற்றன. உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 20,000 என்பது இன்றைய மதிப்பீடு. நம் பட்டியல் முடிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் அதில் புதிய பெயர்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன.

‘புதியது’ என்ற சொல்லை இங்கே சற்று நிதானமாகப் பயன்படுத்த வேண்டும். செய்தித்தாளில் ‘புதிய இனம் கண்டுபிடிப்பு’ என்று வந்தால், நேற்று வரை இல்லாத ஒன்று இன்று முளைத்ததாகச் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த லைக்கன் அங்கேயே இருந்தது. நாம்தான் புதிதாகப் போய்ச் சேர்ந்தோம். புதியதிலும் படிகள் உண்டு. எவரும் பெயரிடாததைக் கண்டால் அது விஞ்ஞானத்துக்கே புதியது. ஜாவாவிலோ பிரேஸிலிலோ அறியப்பட்டிருந்த ஒன்றை இங்கே கண்டால் அது இந்தியாவுக்குப் புதிய பதிவு. கேரளத்தில் பதிவான ஒன்றைத் தமிழ்நாட்டில் கண்டால் மாநிலத்துக்குப் புதிய பதிவு. முதலாவதற்குப் புகழ் அதிகம். எனினும் ஓர் உயிர் எவ்விடமெல்லாம் பரவியிருக்கிறது, எங்கே குறைகிறது என்பதை நமக்குச் சொல்பவை பின்னிரண்டு வகைப் பதிவுகளே. புகழைத் தேடுவோர் அவற்றை அலட்சியம் செய்வதை நான் தவறென்றே சொல்வேன்.

விஞ்ஞானத்துக்குப் புதியதை அறிவிப்பதற்குக் கடுமையான சட்டங்கள் உண்டு. மூலமாதிரியைக் குறித்து, அது எந்தக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு முடியும் வரை இலக்கண வருணனை இலத்தீனில் இருந்தாக வேண்டும் என்பது விதி. 2012 தொடங்கி ஆங்கிலத்திலும் எழுதலாம். 2013 முதல் புதிய பூசணப் பெயர் எதற்கும் உலகப் பொதுப் பதிவேட்டில் எண் பெற வேண்டும். லைக்கனுக்கு இடும் பெயர் சட்டப்படி அதிலுள்ள பூசணத்தின் பெயரேயாகும். உள்ளேயுள்ள பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. வீட்டுக்குரியவன் பெயரால் வீட்டை அழைக்கும் வழக்கத்தைப் போன்றது இது.

கொடும்பாளூர் ஹாட்ஸ்பாட் எல்லைக்குள் இல்லை. மலைக்காட்டின் ஈரமும் நிழலும் அங்கே இல்லை. ஆய்வாளரின் வண்டி மலையை நோக்கி விரைகிறது. வழியில் உள்ள பொட்டற்பாறையில் நிற்பது அரிது. ஆனால் குடுமியான்மலை, நார்த்தாமலை, சித்தன்னவாசல் என்று இம்மாவட்டம் முழுவதும் பாறைக் குன்றுகள் விரவிக் கிடக்கின்றன. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கப் பழகிய லைக்கன்களுக்கு இவையே காடு. இக்காட்டுக்கு வேலியும் இல்லை, காவலரும் இல்லை. கல்லுடைக்கும் இடங்களில், ஒரு பாறையின் முகம் வெடியில் சிதறும்போது நூறாண்டுப் படர்ச்சி ஒரு நொடியில் போய்விடுகிறது.

கோயிற் கல்லில் இந்த வழக்கு வேறு விதமாகத் திரும்புகிறது. லைக்கனின் இழைகள் கல்லின் நுண்பிளவுகளில் இறங்குகின்றன. ஆக்ஸாலிக் அமிலம் போன்றவற்றை அது சுரக்கிறது. நனைந்து பருத்தும் உலர்ந்து சுருங்கியும் மேற்பரப்பை மெல்லப் பெயர்க்கிறது. எழுத்துப் பொறித்த கல்லுக்கு இது கேடு. கல்வெட்டு முக்கியமா, லைக்கன் முக்கியமா என்று கேட்டால், எழுத்துள்ள இடத்தில் கல்வெட்டே முக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த லைக்கன் வேறு பாறையில் இருக்கலாம், அந்தக் கல்வெட்டு வேறெங்கும் இல்லை. ஆனால் அகற்றும் முறையில் அறிவு வேண்டும். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கற்சுவரைத் துலக்கிய வழக்கம் நம் நாட்டில் இருந்தது. அதில் லைக்கனோடு எழுத்தும் தேய்ந்தது. தக்க இரசாயனங்களைக் கொண்டு மெதுவாகச் செய்வதே முறை. அதற்கும் முன், அங்கே என்ன இருந்தது என்று படமெடுத்து, துளி மாதிரி எடுத்து, குறித்து வைத்துவிட்டுச் செய்தால் இரு துறையாருக்கும் நட்டமில்லை. கல்வெட்டைப் படியெடுப்பவர் ஊர், கோயில், சுவரின் திசை, எடுத்த நாள் எல்லாவற்றையும் எழுதுகிறார் அல்லவா? லைக்கனுக்கும் வேண்டுவது அதுவே.

மூவர் கோயில் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கல்லைச் சுரண்டுவதோ பெயர்ப்பதோ குற்றம். ஆகவே அங்கே உங்கள் கருவி கண்ணும் புகைப்படக் கருவியும் மட்டுமே. வெளியே, உரியவர் இசைவு பெற்று, சாலையோரப் புளியிலும் மாவிலும், வயலோரக் கல்லிலும் தேடலாம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்று, சிறு கத்தி ஒன்று, பழைய காகிதத்தில் மடித்த உறைகள் இவை போதும். பிளாஸ்டிக் பைகளில் ஈரம் தங்கிப் பூஞ்சக்காளான் பிடிக்கும், அவை வேண்டா. பட்டையோடு கட்டைவிரல் நகமளவு எடுத்தால் போதும். முழுவதையும் பெயர்த்தெடுப்பது சேகரிப்பன்று, சூறையாடல். உறையின்மேல் அன்றே எழுத வேண்டும்: ஊர், இடம், எந்த மரம் அல்லது எந்தக் கல், நிழலா வெயிலா, நாள், எடுத்தவர் பெயர். உலர்ந்த லைக்கன் நூறாண்டு கெடாமல் இருக்கும். எழுதாத உறையோ ஒரு வாரத்தில் குப்பையாகிவிடும்.

கல்லூரி ஆய்வுச்சாலை உள்ளவர்கள் மேலும் ஒரு படி போகலாம். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் ஒரு துளியை இட்டால் சில இனங்கள் மஞ்சளாகவும் சில சிவப்பாகவும் மாறும். சிலவற்றில் மாற்றமே இராது. சலவைத்தூள் கரைசலுக்கும் இவ்வாறே. இச்சோதனையை 1866இல் புகுத்தியவர் பின்லாந்து நாட்டின் வில்லியம் நைலாண்டர். புறவூதாக் கதிர் விளக்கின் கீழ்ச் சில இனங்கள் ஒளிரும். நம் சமவெளியில் மா, தென்னை முதலிய மரங்களில் பரவலாக உள்ள பிக்ஸைன் கோக்கோஸ் என்னும் இனம், பகலில் வெறும் சாம்பல் நிறமாய் இருப்பது, அவ்விளக்கின் கீழ்ப் பளிச்சென்று மஞ்சளாய்த் தோன்றும்.

நைலாண்டரைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். லைக்கன் ஒரு கூட்டு உயிர் என்ற ஷ்வெண்டனரின் கொள்கையை அவர் இறுதி வரை ஒப்பவில்லை. அதில் அவர் பிழைபட்டார். ஆனால் அதே 1866ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து லக்ஸம்பர்க் பூங்காவில் உள்ள லைக்கன்களைப் பட்டியலிட்டு, நகரத்தின் மற்ற இடங்களைவிட இங்கே இவை மிகுதி. காற்றின் தூய்மைக்கு இவை அளவுகோல் ஆகலாம் என்று எழுதி வைத்தார். நிலக்கரிப் புகை பெருகியது. கந்தக டை ஆக்ஸைடைத் தாங்க மாட்டாத லைக்கன்கள் அந்நூற்றாண்டு முடிவதற்குள் அப்பூங்காவை விட்டு மறைந்தன. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், காற்று ஓரளவு தூய்மையானதும், அவை திரும்பி வந்திருப்பதை 1991இல் ஆய்வாளர் அறிவித்தனர். போனதும் தெரிந்தது, வந்ததும் தெரிந்தது. 1866இல் ஒருவர் எழுதி வைத்த பட்டியல் இருந்ததனால்.

கோவலனின் வழி பிரிந்த கொடும்பாளூரில் இன்று நான்கு வழி நெடுஞ்சாலை ஓடுகிறது. இரவும் பகலும் வண்டிகளின் புகை. சாலையை ஒட்டிய மரம் ஒன்றையும், ஊருக்கு உட்புறமாக ஒரு மைல் தள்ளி அதே வகை மரம் ஒன்றையும் தேர்ந்துகொள்ளுங்கள். நெஞ்சளவு உயரத்தில் ஒரு முழ நீளம் பட்டையில் எத்தனை வகைத் திட்டுக்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் என்று அளந்து, நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் எண்ணிட்டு வைத்தால் போதும். பெயரைப் பின்னர் கேட்டறியலாம். பனி பெய்யும் மார்கழி, தை மாதங்களின் காலை வேளை இதற்கு ஏற்றது. அப்போது லைக்கன்கள் விழித்திருக்கும். நிறமும் தெளிவாகத் தெரியும்.